இடப்பக்க வளைவில் நான் சொன்ன சொல்

திங்கள், 5 ஆகஸ்ட் 1957

விடிவதற்கு முன்பே மழை. எட்டு மணிக்கு ஓய்ந்தது. வாசலில் கணுக்கால் அளவு நீர். அலுவலகத்திற்குச் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு.

பதினொரு வருடம் பிறருடைய பிரமாணப் பத்திரங்களை எழுதிய கை. சொந்த நோட்டிலும் இப்படித்தான் தொடங்குகிறது:

1. இதை எழுதுபவன் மு. தருமலிங்கம், வயது முப்பத்தாறு, மலாக்கா நகரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் தலைமை எழுத்தர். சட்டத்தைத் தபால் வழியாகப் படித்து இரண்டு பரீட்சைகள் தேறியவன். மூன்றாவது நிலுவை.

2. காஜா பெராங்கில், மனைவி காமாட்சியின் தகப்பனார் வீட்டில் வசிப்பவன். மாமனார் ஆறுமுகம் பிள்ளை, மலாக்காச் செட்டி: பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறித் தமிழை மறந்த வம்சம். இனி மா. வீட்டு மொழி மலாய். மா.வுக்குத் தெரிந்த தமிழ், சாமிகளின் பெயர்களும் சில பலகாரங்களின் பெயர்களும்.

3. நீதிமன்றத்தில் தமிழ், மலாய் மொழிபெயர்ப்பாளர் பதவிக்கு மனுச் செய்திருப்பவன். வக்கீல் (இனி வ.) எழுதிய சிபாரிசுக் கடிதம் கையொப்பத்துக்காக அவர் மேசையில்.

4. மூன்று சக்கர வண்டி ஒன்றின் சொந்தக்காரன். மோட்டார் சைக்கிளும், அதன் இடப்பக்கம் பூட்டிய சைட்காரும். சீமைக்குத் திரும்பிய தோட்டத் துரை விட்டுச் சென்றது. உரிமம்: பழகுநர் உரிமம் மட்டும். முன்னும் பின்னும் 'எல்' பலகை.

நான்காவதுதான் வினை.

இன்று வந்த அறிவிப்பு. மா.வின் டுரியான் தோப்பு எல்லைத் தகராறு. வெள்ளி 16, காலை பத்து மணி, தோப்பிலேயே விசாரணை. எல்லைக் கல் மண்ணுள் மறைந்துபோயிற்று; அது இருநூறு அடி உள்ளே என்கிறார் பக்கத்து நிலக்காரர். கல் நட்ட அன்று உடன் நின்றவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் மா. ஒருவரே. அவர் வந்து, கல் இருந்த இடத்தைக் கையால் காட்டினால் தோப்பு நிற்கும். இல்லையேல் பாதி போகும்.

மா.வின் முழங்காலோ வாசலிலிருந்து கோவில் வரைகூட வராது. தோப்போ ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால். தோட்ட வாசலிலிருந்து இரண்டு மைல் செம்மண் பாதை, நடுவே மரப்பாலம். செமாபோக்கிலிருந்து வந்த டாக்ஸிக்காரர் பாலத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனவர்.

இரவுச் சாப்பாட்டில் தீர்மானம். என்னைக் கேட்கவில்லை. மருமகனிடம் மூன்று சக்கரம் இருக்கிறதே என்று மா. மீன் குழம்பைப் பார்த்துச் சொன்னார். காமாட்சி என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள். அவர் வீட்டுக் கூரை, அவர் வீட்டுச் சோறு. சாப்பிட்டேன்.

செவ்வாய், 6

வெயில். வண்டியின் சங்கிலிக்கு எண்ணெய்.

சட்டநிலை குறித்து யோசனை. பழகுநர் உரிமம் உள்ளவன் பொதுச் சாலையில் பயணியை ஏற்றக் கூடாது. தோட்டப் பாதை பொதுச் சாலையா? தனியார் நிலம், வாசலில் தடுப்புக் கம்பி. ஆகவே அன்று. ஆகவே:

அ) மா. காஜா பெராங்கிலிருந்து தோட்ட வாசல் வரை டாக்ஸியில்.
ஆ) நான் பின்னால், காலி சைட்காரில் மணல் மூட்டையுடன். (காலியாக இருந்தால் இடப்பக்கம் திரும்பும்போது சைட்கார் தூக்கும்.)
இ) தடுப்புக் கம்பியைத் தாண்டிய பிறகு மணலை இறக்கி மா.வை ஏற்றுதல்.

காமாட்சியிடம் சொன்னேன். அவள் கொடி தைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் எல்லா வீட்டிலும் மாதக் கடைசியில் வரும் சுதந்திர நாளுக்காகத் தையல். பதினொரு பட்டை. ஒன்று கூடிவிட்டதென்று பிரித்துக்கொண்டே, "அப்பாவை மணல் மூட்டைக்குப் பதிலா வைக்கிறீங்க, அவ்வளவுதானே அபாங்" என்றாள் மலாயில். கணவனை அவர்கள் அழைக்கும் முறை அது. அண்ணன் என்று பொருள். கேலியாகவும் வரும்.

வ.விடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை. அல்லது தோன்றியது.

புதன், 7

மாலை, வீட்டுக்குப் பின்புறத் திடலில் ஒத்திகை. மா. வேட்டி, சட்டை, தலைப்பாகை, கையில் குடை. சைட்காரில் உட்கார்ந்ததும் எதிர்வீட்டு ராஜம்மா வேலியிலிருந்து, எந்த ஊருக்கு ராஜா பவனி என்று மலாயில் கேட்டாள். ராஜா தோப்புக்கு, மந்திரிக்கு லைசென்ஸ் இல்லை என்று மா. பதில். தெருவே சிரித்தது. 'எல்' பலகையைத் தெருவில் எல்லோரும் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள்.

விதிகளை மலாயில் எடுத்துரைத்தேன். மா. பாதியில் நிறுத்தினார். நான் பேசும் மலாய், சம்மன் பேசுவது போல இருக்கிறதாம். "சாயா இது, சாயா அது. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு சாயா. நாங்கள் வீட்டில் அப்படிப் பேசுவதில்லைலா." கடைசி 'லா' அவர்கள் மலாய்ப் பேச்சின் வால். நீதிமன்ற மலாயில் 'நான்' என்பதற்குச் 'சாயா'தான் சொல். எனக்குத் தெரிந்த மலாய் அது.

மலாயில் எழுதிக் கொடுத்தேன். நகல்:

பயணியை ஏற்றிச் செல்லும் விதிகள்

1. வேகம் மணிக்குப் பத்து மைலுக்கு மேற்படலாகாது.
2. பயணி கையை வெளியே நீட்டலாகாது.
3. குடை விரிக்கலாகாது. (மா. ஆட்சேபம். 'மடக்கிய குடை அனுமதிக்கப்படும்' எனத் திருத்தம்.)
4. இடப்பக்க வளைவில் சைட்கார் சக்கரம் தரையை விட்டு எழக்கூடும். பயணி உடனே இடப்பக்கம் சாய வேண்டும். அதற்கான சொல்: 'சொண்டோங்'.
5. வலப்பக்க வளைவில் பயணி ஓட்டுபவர் பக்கம் ஒட்டி உட்கார வேண்டும்.
6. மரப்பாலத்தின் மேல் பேச்சு கூடாது.
7. வெற்றிலை துப்புதல், வண்டி நின்ற பிறகே.

'சொண்டோங்' என்றால் மலாயில் சாய்வு. இரு தரப்பும் கலந்து தேர்ந்த சொல். மா. வாய்விட்டு மூன்று முறை சொல்லி, மூன்று முறை சாய்ந்து காட்டினார்.

பிறகு, ஏழும் எனக்கா, உனக்கு ஒன்றும் இல்லையா என்றார். நியாயம். சேர்த்தேன்:

8. நான்காம் விதியில் கண்ட சொல்லைத் தவிர வேறு சொல்லை ஓட்டுபவர் பயன்படுத்தலாகாது.

இருவரும் கையொப்பம். சாட்சி காமாட்சி. ஒரு பிரதி மா.வின் வெற்றிலைப் பெட்டியில்.

ஞாயிறு, 11

இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு எழுதுகிறேன். எனக்குச் சிராய்ப்பு மட்டும்.

காலை ஒன்பதரை. முன்னோட்டப் பயணம். தோட்ட வாசல் வரை திட்டப்படி. மணல் இறக்கம், மா. ஏற்றம். வானம் தெளிவு, பாதையில் மட்டும் நேற்றைய மழையின் ஈரம்.

முதல் ஆறு இடப்பக்க வளைவுகளில் 'சொண்டோங்' என்றேன். ஆறிலும் மா. சாய்ந்தார். ஐந்தாவதில் சொல்வதற்கு முன்பே சாய்ந்து, நீ தாமதம் என்றார். பாலம் தாண்டினோம். பேச்சில்லை.

ஏழாவது, ரப்பர்ப் பால் ஸ்டோருக்கு எதிரே. பாதையின் குறுக்கே ரப்பர் மர வேர். சைட்கார் சக்கரம் அதில் ஏறி இறங்கவில்லை, ஏறியபடியே எழுந்தது. வேகம் பத்து என்று எழுதக் கை வருகிறது. பன்னிரண்டு.

கத்தினேன். நான் கத்திய சொல்: சாய்யா.

மா. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். குடையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, முழு நம்பிக்கையோடு. வண்டி வலப்புறம் கவிழ்ந்தது. வடிகாலில் நான், என் மேல் மா. அவருடைய வலது தோள் கைப்பிடிக் கம்பியில்.

ரப்பர் மரப் பட்டையை வெட்டிவிட்டுப் பால் கொண்டுவந்த பெண்கள் ஓடி வந்து தூக்கினார்கள். ஒருத்தி மற்றவளிடம்: "லாயர் கிளாக்காம். வண்டிய லோங்கான்ல நிறுத்தியிருக்காரு." லோங்கான் என்றால் இங்கே வடிகால். ஸ்டோர் வாசலிலிருந்து கிராணி கோவிந்தசாமி வந்தார். தோட்டத்துக் கணக்கர், நல்ல மனிதர், என்னை அண்ணே என்பவர்.

ஏன் சாயவில்லை என்று மா.வைக் கேட்டேன். வடிகாலில் உட்கார்ந்தபடி, வலியில் மூச்சு வாங்க, மலாயில்: "நீதானே சொன்னாய், சாயா என்று. நான் இருக்கிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாய் என்று நினைத்தேன். பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்."

கிராணியும் பெண்களும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

காரை எலும்பு முறிவு. வலது கை, கழுத்திலிருந்து தொங்கும் துணியில். காமாட்சி வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள், இரண்டு பேருக்கும்.

திங்கள், 12

தூறல். அலுவலகத்தில் முழங்கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு வேலை.

மதியம் கிராணி பார்க்க வந்தார். பக்கத்து நிலக்காரரின் மேஸ்திரி தினமும் ஸ்டோருக்கு வருபவராம். நேற்று என்ன கூட்டம் என்று கேட்டிருக்கிறார். கிராணி சொல்லியிருக்கிறார். எப்படிச் சொன்னீர்கள் என்றேன்.

"உங்க மானத்துக்காக மாத்திதாண்ணே சொன்னேன். மாமனாரப் போயி 'சாய்யா'ன்னு சொன்னீங்கன்னு வெளிய சொல்ல முடியுமா? 'கொஞ்சம் சாயுங்க மாமா'ன்னு அழகா சொன்னீங்க, அவருதான் என்னமோ 'நான்'னு சொன்னே, 'நீ'ன்னு சொன்னேன்னு உளறுனாருன்னு சொன்னேன்."

நன்றி சொன்னேன். அவர் போன பிறகுதான் விளங்கியது.

'சாயுங்க மாமா' என்பதில் 'சாயா' இல்லை. எந்தக் காதுக்கும் கேட்காது. என் மானத்தைக் காப்பாற்றிய அந்த ஒரு திருத்தத்தில் மா.வின் விளக்கம் உளறலாகிவிட்டது.

'சாய்யா' பற்றி. இந்த 'யா' நான் பிறந்த தோட்டத்துக் கூலி லயத்தில், தண்டல் என்ற மேற்பார்வைக்காரர் மரம் வெட்டுபவரை விளித்த 'யா'. என் அப்பாவை விளித்தது. அதை வாயிலிருந்து கழுவ இருபது வருடப் படிப்பு. யாரையும், அலுவலகத்தில் பெருக்கும் பையனையும்கூட, 'நீங்கள்' என்பவன் என்று பெயர். ஒரு வேர் தட்டியவுடன் லயத்துக்கே போய்விட்டேன். மலாய்ச் சொல் வரவில்லை. எழுதி, கையொப்பமிட்டு, ஆறு முறை சொன்ன சொல் வரவில்லை.

மா.வுக்கு 'யா' தெரியாது. ஆகவே அவருக்கு அவமானமும் தெரியாது. இந்த வீட்டில் அது எனக்கு மட்டும் தெரியும்.

செவ்வாய், 13

எதிர்த்தரப்பு வக்கீலின் கடிதம், ஆள் வழியாக. சாரம்: ஆறுமுகம் பிள்ளை மனத்தெளிவற்றவர், தெளிவான எளிய எச்சரிக்கையைப் புரிந்துகொள்ள இயலாமல் விபத்துக்குள்ளானவர், சம்பவத்துக்குப் பின் பொருந்தாப் பேச்சுப் பேசியவர், கிராணி சாட்சி. ஆகவே நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய எல்லை பற்றிய அவர் வாக்கை ஏற்கலாகாது. விசாரணை அதிகாரிக்கும் பிரதி.

நன்றாக எழுதப்பட்ட கடிதம். அந்தப் பக்கம் இருந்திருந்தால் நானும் இப்படியே எழுதியிருப்பேன்.

மா.வுக்கு மலாயில் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. 'மனத்தெளிவற்றவர்' என்ற இடத்தில் மென்மையான சொல் தேடினேன். அவர் கண்டுகொண்டார், உள்ளதைச் சொல் என்றார். சொன்னேன். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

மாலையில் சமையலறையிலிருந்து வினோதமான ஒலி. காமாட்சி கதவுக்குப் பின்னால் நின்று மலாயில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்கிறாள்: அரிசி. குடை. மீன். சாவி. மா. இந்தப் பக்கம் திண்டில் சாய்ந்து, ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்கிறார். காதைச் சோதிக்கிறார். எல்லாம் சரி. இருந்தும் அவர் முகத்தில் தெளிவில்லை.

காமாட்சி வெளியே வந்து மெல்லிய குரலில், மலாயில்: "வெள்ளிக்கிழமை போக மாட்டேங்கிறார். தன் காதே தனக்குச் சந்தேகமாம். ஒரு சொல்லைத் தப்பா கேட்டவன், கல்லையும் தப்பா காட்டினா என்ன செய்யறதுன்னு கேட்கிறார். அபாங், அன்னிக்கு நீங்க சொன்னது என்ன?"

சாயச் சொன்னேன் என்றேன். பொய் அல்ல. நீதிமன்றத்தில் நான் பலமுறை கேட்டிருக்கும் வகைப் பதில்.

புதன், 14

வெயில், புழுக்கம். வ.விடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவர் சொன்னவற்றின் சுருக்கம்:

வாக்குமூலம் தர வேண்டாம். தந்தால் மூன்று ஒப்புதல்கள். ஒன்று, பழகுநர் உரிமத்தோடு பயணியை ஏற்றியது. தனியார் பாதை என்ற வாதம் நிற்கும், ஆனால் நின்றபடியே நாறும். இரண்டு, தானே எழுதிய எட்டாம் விதியைத் தானே மீறியது. மூன்றாவதைச் சொல்லும்முன் எழுந்து ஜன்னலருகே போனார். மலாய்ச் சொல் தேவைப்பட்ட ஒரே கணத்தில் மலாய் வராத ஒருவன் நீதிமன்றத்துக்கு மொழிபெயர்க்க மனுச் செய்திருக்கிறான்.

"உங்களை யாரும் கேட்கவில்லை, தருமலிங்கம். கேட்காததற்கு ஏன் பதில்?"

சிபாரிசுக் கடிதம் மேசையில்தான் இருந்தது. கையொப்பமில்லாமல். நாங்கள் இருவருமே அதைப் பார்க்கவில்லை.

நான்கு மணிக்கே வீடு. பஸ்ஸில் இரண்டு பக்கமும் யோசனை. பேசினால் பதவி போகும். பேசாவிட்டால் தோப்பு போகும், அதைவிட, அந்த மனிதர் தம் காதில் வைத்த நம்பிக்கை போகும். அதே வீட்டில், அதே சாப்பாட்டுப் பாயில், அவர் எதிரே மிச்ச நாளெல்லாம் நான். நடுவில் வழியில்லை. பதினொரு வருடமாக மற்றவர்களுக்கு நடுவழி எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு.

மா.வின் அருகே உட்கார்ந்து சொன்னேன். நான் சொன்னது 'சாய்யா' என்று. 'சாய்' என்றால் சொண்டோங் என்று. உங்கள் காது சரியாகவே கேட்டது என்று.

இடது கையால் வெற்றிலைப் பெட்டியை மூடினார்.

"சாய் என்றால் சொண்டோங். சரி. யா?"

அதற்கு அர்த்தம் இல்லை, அவசரத்தில் கூப்பிடுவது என்றேன்.

"நீங்களெல்லாம் யாரை அப்படிக் கூப்பிடுவீர்கள்?"

வேலையாட்களை. வண்டிக்காரர்களை.

"மாட்டையும்?"

மாட்டுக்கு வேறு சொல் என்றேன்.

"அப்படியானால் மாட்டுக்கு மேலேதான் வைத்திருக்கிறாய்லா."

சிரிக்கவில்லை. தொங்கும் கையின் விரல்களை மட்டும் அசைத்துப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, அரிசி, குடை எல்லாம் இனி வேண்டாம், காதில் கோளாறில்லை, மருமகன் வாயில்தான் என்று குரல் கொடுத்தார். உள்ளே பாத்திர ஓசை நின்றது.

வெள்ளிக்கிழமை அங்கே இதைச் சொல்வாயா என்றார். யோசிக்க வேண்டும் என்றேன்.

"எட்டு விதி எழுதும்போது யோசிக்கவில்லையே."

வியாழன், 15

மழை. அலுவலகத்தில் விடுப்பு கேட்டேன். வ. கொடுத்தார். கொடுத்துவிட்டு, மேசை மேலிருந்த கடிதத்தை எடுத்து இழுப்பறையில் வைத்தார். பூட்டவில்லை.

காமாட்சியிடம் 'யா' பற்றி மா. சொல்லியிருக்கிறார். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: கோபம் வந்தால் என்னையும் மனசுக்குள் அப்படித்தான் கூப்பிடுவீர்களா. பெண்களுக்கு அது பொருந்தாது என்றேன். அப்போ எங்களுக்கு என்ன சொல் என்றாள்.

வண்டி: கைப்பிடி நிமிர்த்தியாயிற்று. சைட்காரில் பழைய மெத்தையைச் சுருட்டி. வேறு வாகனம் தேடிக் கிளேபாங் வரை போய்ப் பார்த்தாயிற்று. பாலத்தின் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் வேறு வேலை. முறிந்த எலும்போடு அவர் ஏறக்கூடியது, அவரைக் கவிழ்த்த இந்த ஒன்றுதான்.

வெள்ளி, 16

தெளிந்த காலை. இதைத் தோப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன், டுரியான் மரத்தடியில், பன்னிரண்டரை மணிக்கு.

புதிய முறை: ஒவ்வொரு இடப்பக்க வளைவிலும் என்ஜினை நிறுத்தி, இறங்கி, கையால் தள்ளுதல். வழியில் ஒன்பது. மா. மெத்தையில், கழுத்தில் கட்டித் தொங்கும் கையோடு. முதல் வளைவில் நான் தள்ளத் தொடங்கியதும் அவரே உரக்க, தமிழில், "சாய்யா" என்று சொல்லிவிட்டு இடப்பக்கம் சாய்ந்தார். ஒன்பதிலும் அப்படியே. வழியில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவர், "பெரியவரு டிரைவர்கிட்ட நல்லா வேல வாங்குறாரு" என்றார்.

ஏழாவது வளைவில் வேரைச் சுற்றிக்கொண்டு. அதில் மட்டும் மா. ஒன்றும் சொல்லாமல் சாய்ந்தார்.

பத்து மணி. விசாரணை அதிகாரி மலாய்க்காரர், இளைஞர், காலில் ரப்பர் சப்பாத்து, நடந்தே வந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் செம்மண்ணில் புதைந்த சப்பாத்தோடு. கிராணி. நிலக்காரரின் மேஸ்திரி. வேடிக்கை பார்க்க லயத்திலிருந்து ஏழெட்டுப் பேர்.

முதலில் மா.வின் தெளிவு பற்றி. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: ஓட்டியவர் உங்களிடம் என்ன சொன்னார்? மா.: "சாயா." கூட்டத்தில் முணுமுணுப்பு. கிராணியை அழைத்தார்கள். கிராணி என்னைப் பார்த்துக்கொண்டே, மரியாதையாக, 'சாயுங்க மாமா' என்று சொன்னார் என்றார். அவர் கண்ணில் இருந்தது அன்புதான். அதிகாரி எழுதத் தொடங்கினார்.

எழுந்து, நான் வாக்குமூலம் தர விரும்புகிறேன் என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. உரிமத்தைப் பற்றிச் சொன்னேன். வேகம் சொன்னேன். எட்டு விதிகளைச் சொன்னேன், மா. வெற்றிலைப் பெட்டியிலிருந்து பிரதியை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். பிறகு நான் சொன்ன சொல் வேறு என்றேன்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். சொன்னபடியே சொல்லிக் காட்டுங்கள், அதே குரலில் என்றார்.

அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால், மாமனாரை நோக்கி, அதே குரலில் கத்தினேன். லயத்துப் பெண் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி நிமிர்ந்து, மலாயில்: "நீங்கள்? நீங்கள் என்ன?"

அவருக்கும் 'நான்' என்றே கேட்டிருக்கிறது. மேற்கொண்டு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார். மா. இடது கையால் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

அதிகாரி புரிந்துகொள்ளச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் எதிர்த்தரப்பின் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, பெரியவர் எல்லையைக் காட்டட்டும் என்றார்.

எதிர்த்தரப்பு வக்கீலின் கடைசிக் கேள்வி எனக்கு. மொழிபெயர்ப்பாளர் பதவிக்கு மனுச் செய்திருப்பவர்தானே? ஆம். அந்த நேரத்தில் ஒரு மலாய்ச் சொல் வரவில்லை, அப்படித்தானே? ஆம். பதிவாயிற்று.

மா. மெத்தையில் உட்கார்ந்தபடியே இடது கையை நீட்டினார். மேஸ்திரி சொன்ன இடமல்ல. மண்வெட்டி இரண்டடி இறங்கியதும் கல்லில் பட்டது. தீர்ப்பு எழுத்தில் வரும். இன்றல்ல.

அவர்கள் போய்விட்டார்கள். இனித் திரும்பும் வழி. போகும்போது வலமாக இருந்த வளைவெல்லாம் திரும்பும்போது இடம். அவை பதினான்கு. எலும்பு கூடும்வரை மருத்துவரிடம் டாக்ஸியில் கூட்டிச்செல்வதும் நான்தான்.

அதிகாரி என் வாக்குமூலத்தை மலாயில் எழுதிக்கொண்டார். சொல் தமிழ், ஆகவே தமிழிலும் ஒன்று இருக்கட்டும், உன் நோட்டிலேயே எழுது என்கிறார் மா. கோப்பில் போவது என்னவாகத் திரும்புமோ என்கிறார். சாட்சிக்குக் கிராணி இன்னும் இங்கேதான். இந்தப் பக்கத்தை மட்டும் காட்டுகிறேன். முன்பக்கங்களின் மேல் உள்ளங்கை.

மு. தருமலிங்கம் ஆகிய நான் சொல்வது: 11ஆம் தேதி ஞாயிறு காலை, தோட்டப் பாதையின் ஏழாம் இடப்பக்க வளைவில், பழகுநர் உரிமத்துடன், பன்னிரண்டு மைல் வேகத்தில், ஆறுமுகம் பிள்ளை அவர்களை ஏற்றிச் சென்றேன். ஒப்புக்கொண்ட சொல் 'சொண்டோங்'. நான் சொன்ன சொல் 'சாய்யா'. அது அவர் அறியாத மொழி. அவர் அறிந்த மொழியில் அதை அவர் சரியாகவே கேட்டார். கவிழ்ந்தது என் பிழை.

கிராணி படித்துவிட்டுப் பேனாவை வாங்கவில்லை. 'சாயுங்க மாமா' என்று தாம் சொன்னது தவறு என ஒப்புக்கொள்வதில் அவருக்குத் தடையில்லை. தடை வேறு.

"அந்த 'யா'வ மட்டும் அடிச்சிரலாம்ணே. பின்னால யாராச்சும் படிப்பாங்க."

என்ன சொல்கிறார் என்று மா. கேட்டார். மொழிபெயர்த்தேன். அதை அடித்தால் மிஞ்சுவது வெறும் 'சாய்', அதில் 'சாயா' இல்லை என்றும் சொன்னேன். அது எனக்குத் தெரியும் என்றார். பிறகு கிராணியிடம், அவருக்குப் புரியட்டும் என்று மெதுவான மலாயில்:

"அது எனக்குச் சொன்ன சொல். அடிப்பதென்றால் நான்தான் அடிக்க வேண்டும்."

பேனாவை இடது கையில் வாங்கினார். சொல்லைப் பார்த்தார். அடிக்கவில்லை.

(ஒப்பம்) மு. தருமலிங்கம்

சாட்சிகள்:
1. ஆறுமுகம் பிள்ளை, காஜா பெராங் (இடது கை)
2. கோவிந்தசாமி, தோட்டக் கிராணி